நகரக் கூட்டுறவு வங்கிகளின் குடை: பிடி யார் கையில்?

தில்லியில் 2024 மார்ச் 2-ஆம் தேதி நடந்த ஒரு தொடக்க விழா, மறுநாள் நாளேடுகளில் பெரிய இடத்தைப் பிடிக்கவில்லை. மக்களவைத் தேர்தல் நெருங்கிய நேரம் அது. கூட்டணிப் பேச்சும் வேட்பாளர் பட்டியலும்தான் தலைநகரை ஆக்கிரமித்திருந்தன. அந்த நெரிசலில், தேசிய நகரக் கூட்டுறவு நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் என்ற நீண்ட பெயர் கொண்ட அமைப்பை மத்திய கூட்டுறவுத் துறை அமைச்சர் அமித் ஷா தொடங்கிவைத்தார். நாடெங்கும் பரவிக் கிடக்கும் நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கான தேசியக் குடை அமைப்பு அது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கூட்டுறவாளர்கள் கேட்டுக்கொண்டிருந்த அமைப்பு பிறந்துவிட்டது என்று மகிழ்வதில் தவறில்லை. ஆனால், குடை கிடைத்துவிட்டது என்பதாலேயே நனையாமல் இருந்துவிட முடியாது. அதன் அடியில் யாருக்கு இடம், அதன் பிடி யார் கையில், புயல் அடிக்கும்போது அது தாங்குமா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தாக வேண்டும். அந்த விடையைப் பொருத்தே, இந்த வங்கிகளில் பணம் போட்டிருக்கும் கோடிக்கணக்கான சாமானியர்களின் சேமிப்பு அமையும்.

நகரக் கூட்டுறவு வங்கிகளின் வரலாறு தமிழகத்தோடு பின்னிப் பிணைந்தது. 1904-ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும், அதன்கீழ் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த காஞ்சிபுரத்தில்தான். அதற்கும் முன்பே, 1889-இல், பரோடாவில் இத்தகைய பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்று தோன்றியிருந்தது. கந்துவட்டிக்காரரின் வாசலில் நிற்க விரும்பாத சிறு வணிகர்களும் கைவினைஞர்களும் மாதச் சம்பளக்காரர்களும் தங்களுக்குத் தாங்களே கைகொடுத்துக்கொள்ள உருவாக்கிய ஏற்பாடு அது. பெரிய வங்கியின் மேலாளர் ஏறெடுத்தும் பார்க்காத ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கடன் கொடுக்கும் வங்கி என்பதுதான் இன்றுவரை அதன் பலம்.

அந்தப் பலத்தின் மறுபக்கம்தான் அதன் பலவீனம். ஓர் ஊரிலோ ஒரு மாவட்டத்திலோ இரண்டு, மூன்று கிளைகளோடு இயங்கும் வங்கி, பல்லாயிரம் கிளைகள் கொண்ட வணிக வங்கி செய்கிற எல்லாவற்றையும் செய்தாக வேண்டியிருக்கிறது. அதே கணினி மென்பொருள், அதே இணையப் பாதுகாப்பு, அதே தணிக்கை, அதே செல்போன் வழிப் பணப்பரிமாற்றம். செலவு ஒன்றுதான், அதைப் பங்கிட்டுக்கொள்ளக் கிளைகள்தான் இல்லை. விளைவு கண்ணெதிரே இருக்கிறது. 2004-இல் நாட்டில் 1,926 நகரக் கூட்டுறவு வங்கிகள் இருந்தன. 2024 மார்ச் மாத இறுதியில் எஞ்சியவை 1,472. நூற்றுக்கணக்கான வங்கிகள் இன்னொன்றுடன் இணைக்கப்பட்டன அல்லது உரிமம் இழந்து மூடப்பட்டன. 2004-க்குப் பிறகு புதிய வங்கிகளுக்கு உரிமம் வழங்குவதையும் ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது.

கிராமப்புறக் கூட்டுறவுக்கு இந்தத் தனிமை இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு மேலே மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, அதற்கு மேலே மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, 1982 முதல் எல்லாவற்றுக்கும் மேலே நபார்டு என்று அங்கே ஒரு ஏணி இருக்கிறது. ஏணியின் படிகள் பழுதுபட்டிருக்கலாம். ஆனால், ஏணி இருக்கிறது. நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. 1977-இல் அமைந்த தேசியக் கூட்டமைப்பு, அவற்றின் கோரிக்கைகளைத் தில்லியிலும் மும்பையிலும் எடுத்துச்சொல்லும் குரலாக இருந்ததே தவிர, அவசரத்துக்குப் பணம் தரும் கையாக இருக்கவில்லை.

மேலே ஒரு அமைப்பு இல்லாததன் விலை 2001-இல் தெரிந்தது. ஆமதாபாதைத் தலைமையிடமாகக் கொண்ட மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி, பங்குத் தரகர் கேதன் பரேக்குக்கும் அவரைச் சார்ந்த நிறுவனங்களுக்கும் விதிமுறைகளை மீறிப் பல நூறு கோடி ரூபாயைக் கொடுத்திருந்தது. பங்குச்சந்தை சரிந்தபோது வங்கியும் சரிந்தது. அதோடு முடிந்திருந்தால் அது ஒரு வங்கியின் கதை. ஆனால், குஜராத்திலும் பிற இடங்களிலும் இருந்த ஏராளமான சிறு கூட்டுறவு வங்கிகள் தங்கள் உபரிப் பணத்தை மாதவ்புராவில்தான் போட்டுவைத்திருந்தன. போட்டுவைக்க வேறு நம்பகமான பொது அமைப்பு இல்லாத நிலையில், அவற்றைப் பொருத்தவரை மாதவ்புராவே ஒரு தலைமை வங்கிபோல இருந்தது. தலைமை வங்கிக்குரிய கட்டுப்பாடோ பொறுப்போ மட்டும் அதற்கு இல்லை.

பங்குச்சந்தை ஊழலை விசாரித்த நாடாளுமன்றக் கூட்டுக்குழு 2002 டிசம்பரில் அறிக்கை தந்தது. கூட்டுறவு வங்கிகளின் மீது மாநிலப் பதிவாளரும் ரிசர்வ் வங்கியும் ஆளுக்குப் பாதியாக அதிகாரம் வைத்திருப்பதன் கேடு அப்போது விரிவாகப் பேசப்பட்டது. மாதவ்புராவின் உரிமம் 2012-இல் ரத்தானது. ஆனால், சிறு வங்கிகள் தங்கள் உபரியைப் பாதுகாப்பாக வைக்கவும், நெருக்கடியில் கைமாற்றாகப் பெறவும் ஓர் அமைப்பு வேண்டும் என்ற பாடம் மட்டும் ஏட்டிலேயே நின்றது.

ஏட்டில் எழுதியவர்களுக்குக் குறைவில்லை. வி.எஸ். தாஸ் தலைமையிலான ரிசர்வ் வங்கியின் பணிக்குழு குடை அமைப்பு வேண்டும் என்றது. 2011-இல் ஒய்.எச். மாலேகம் தலைமையிலான வல்லுநர் குழுவும் அதையே சொன்னது. 2015-இல் ஆர். காந்தி தலைமையிலான உயர்நிலைக் குழு, பெரிய கூட்டுறவு வங்கிகள் வணிக வங்கிகளாகவோ சிறு நிதி வங்கிகளாகவோ மாறிக்கொள்ளலாம் என்று வேறொரு கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவின் வழியாக உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரைச் சேர்ந்த ஷிவாலிக் கூட்டுறவு வங்கி 2021-இல் சிறு நிதி வங்கியாக வெளியேறியது. கூட்டுறவை வலுப்படுத்துவதா, கூட்டுறவிலிருந்து வெளியேற வழிகாட்டுவதா என்பதில் ரிசர்வ் வங்கிக்கே ஒரு தெளிவு இல்லை என்று அப்போது எழுந்த விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது.

ஒருவழியாக, 2019 ஜூன் மாதம் தேசியக் கூட்டமைப்பின் முன்மொழிவுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தந்தது. வைப்புத்தொகை பெறாத, வங்கிசாரா நிதி நிறுவனமாகக் குடை அமைப்பு இயங்கலாம் என்பது ஏற்பாடு. நான்கு மாதங்கள்கூட முழுதாகக் கழிவதற்குள் இடி விழுந்தது.

2019 செப்டம்பர் 23. பஞ்சாப் மற்றும் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியான பி.எம்.சி. வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளை விதித்தது. வாடிக்கையாளர் ஒருவர் எடுக்கக்கூடிய தொகை முதலில் வெறும் 1,000 ரூபாய். வங்கியின் மொத்தக் கடனில் 70 சதவீதத்துக்கும் மேலானது எச்.டி.ஐ.எல். என்ற ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. தொகை 6,500 கோடி ரூபாய்க்கும் அதிகம். அதை மறைக்க 21,000-க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் உருவாக்கப்பட்டிருந்தன என்பது புலனாய்வில் வெளிவந்த செய்தி. அந்த வங்கியில் மக்கள் போட்டுவைத்திருந்த பணம் 11,600 கோடி ரூபாய்க்கு மேல். ஓய்வூதியத்தை நம்பியிருந்த முதியவர்களும், மகளின் திருமணத்துக்குச் சேர்த்துவைத்தவர்களும், சிகிச்சைக்குப் பணம் தேடியவர்களும் மும்பையின் தெருக்களில் நின்ற காட்சியை நாடு பார்த்தது.

குடை அமைப்பு அன்றே இருந்திருந்தால் பி.எம்.சி. தப்பியிருக்குமா? தப்பியிருக்காது என்பதே நேர்மையான விடை. நிர்வாகமே திட்டமிட்டுச் செய்யும் மோசடியை எந்தக் கடனுதவியாலும் தடுக்க முடியாது. ஆனால், மோசடியை இத்தனை ஆண்டுகள் மறைத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. பல வங்கிகளுக்குப் பொதுவான மென்பொருளை வெளியிலுள்ள ஓர் அமைப்பு பராமரிக்குமானால், ஒரே வங்கியின் அதிகாரிகள் மட்டும் சேர்ந்துகொண்டு ஆயிரக்கணக்கில் பொய்க் கணக்குகளை எழுதிவைப்பது இவ்வளவு எளிதாக இராது. மேலும், பி.எம்.சி.யின் வீழ்ச்சியை அடுத்து, எந்தத் தவறும் செய்யாத பல சிறு வங்கிகளின் வாசலிலும் மக்கள் பதற்றத்தோடு நின்றார்கள். நல்ல நிலையில் இருக்கும் வங்கியையும் வதந்தி ஒன்று வீழ்த்திவிடும்; அந்த வேளையில் இரண்டு நாளைக்குப் பணம் தந்து தாங்குகிற கைதான் அவற்றுக்கு இல்லாமல் போனது.

அரசும் நாடாளுமன்றமும் விழித்துக்கொண்டன. 1993 முதல் ஒரு லட்சம் ரூபாயாகவே இருந்துவந்த வைப்புத்தொகைக் காப்பீட்டு வரம்பு, 2020 பிப்ரவரியில் 5 லட்சமாக உயர்ந்தது. 2020 மார்ச்சில் மக்களவையில் வங்கி ஒழுங்குமுறைத் திருத்த மசோதா அறிமுகமானது. ஜூனில் அவசரச் சட்டமாக வந்தது. செப்டம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறியது. நிர்வாகக் குழுவைக் கலைப்பது முதல் மூலதனம் திரட்டுவது வரை ரிசர்வ் வங்கியின் அதிகாரம் விரிவடைந்தது. 2021-இல், கட்டுப்பாட்டுக்கு உள்ளான வங்கியின் வாடிக்கையாளருக்கு 90 நாள்களுக்குள் காப்பீட்டுத் தொகை கிடைக்கச் சட்டத் திருத்தம் வந்தது. பி.எம்.சி. வங்கி 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியுடன் இணைக்கப்பட்டது. 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களின் மீதிப் பணம், 10 ஆண்டுகள் வரை நீளும் தவணைகளாகப் பிரிக்கப்பட்டது.

இத்தனை சட்டங்களும் கண்காணிப்பவரின் கையை வலுப்படுத்தின. கண்காணிக்கப்படும் சிறு வங்கியின் முதுகெலும்பை வலுப்படுத்த எதுவும் செய்யவில்லை. அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியது 2021 ஆகஸ்டில் வெளியான என்.எஸ். விஸ்வநாதன் குழுவின் அறிக்கை. வைப்புத்தொகையின் அளவுப்படி வங்கிகளை நான்கு அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும், வலுவான குடை அமைப்பு ஒன்று துணையிருந்தால் சிறு வங்கிகள் சிறியவையாகவே நீடிக்க முடியும் என்றது அக்குழு. சிறியதாக இருப்பது குற்றமல்ல, தனியாக இருப்பதுதான் ஆபத்து என்பதே அதன் சாரம். குடை அமைப்பின் தேவையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இப்போது குடை வந்துவிட்டது. அதற்கு வரையறுக்கப்பட்ட பணிகள் மூன்று வகையானவை. நெருக்கடியில் நிதியுதவி தருவது ஒன்று. தொழில்நுட்பம், பயிற்சி, ஆலோசனை ஆகியவற்றைப் பொதுவாக வழங்குவது இரண்டாவது. உறுப்பினர் வங்கிகளுக்கான சுய ஒழுங்குமுறை அமைப்பாகச் செயல்படுவது மூன்றாவது.

இவற்றில் இரண்டாவது பணியில் ஓரளவு அசைவு தெரிகிறது. 2025 நவம்பரில் தில்லியில் நடந்த நகரக் கூட்டுறவுக் கடன் துறை மாநாட்டில், எண்மப் பணப்பரிமாற்றத்துக்கும் கடன் வழங்கலுக்குமான இரண்டு செயலிகள் அறிமுகம் செய்யப்பட்டன. தனக்கெனச் செயலி ஒன்றை உருவாக்க வழியில்லாத சிறு வங்கிக்கு இது பயனுள்ள உதவி. இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

முதல் பணிக்கு வருவோம். குடை அமைப்பின் அடிப்படை மூலதனமாக 300 கோடி ரூபாய் திரட்டுவது இலக்காக அறிவிக்கப்பட்டது. நகரக் கூட்டுறவு வங்கிகளில் உள்ள மொத்த வைப்புத்தொகையோ ஏறத்தாழ ஐந்தரை லட்சம் கோடி ரூபாய். அதாவது, வாடிக்கையாளர் போட்டுவைத்திருக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஐந்தரை பைசா. பி.எம்.சி. என்ற ஒரே வங்கியின் வைப்புத்தொகையோடு ஒப்பிட்டாலும் 300 கோடி என்பது மூன்று சதவீதத்தை எட்டவில்லை. மூலதனத்தை வைத்து மேற்கொண்டு கடன் பெறலாம் என்பது உண்மை. ஆனால், நம்பிக்கையூட்டும் பாதுகாப்பு நிதிக்கு இது தொடக்கம் மட்டுமே. ஆண்டுதோறும் லாபத்தில் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு வழங்கும் ஏற்பாட்டை வங்கிகள் தாங்களாகவே முன்வந்து செய்யாவிட்டால், குடை வெயிலுக்கு மட்டுமே உதவும், மழைக்கு உதவாது.

மூன்றாவது பணிதான் சிக்கலானது. கடன் கொடுப்பவரும் அதே அமைப்பு. ஒழுங்கு பார்ப்பவரும் அதே அமைப்பு. அதன் பங்குதாரர்களோ ஒழுங்குக்கு உட்பட வேண்டிய வங்கிகள். தனக்கு மூலதனம் தந்த வங்கியின் தவறைக் கண்டிக்க இந்த அமைப்புக்குத் துணிவு வருமா? தான் கடன் கொடுத்த வங்கி தள்ளாடுகிறது என்று ரிசர்வ் வங்கிக்கு உரிய நேரத்தில் சொல்லுமா? நிதியுதவிக்கு ஓர் அமைப்பு, நிர்வாக, தொழில்நுட்ப உதவிக்கு வேறு அமைப்புகள் என்று பணிகளைப் பிரித்துவைக்கும்படி மாலேகம் குழு 2011-லேயே யோசனை கூறியது கவனிக்கத்தக்கது. ஒரே கூரையின்கீழ் எல்லாம் என்பது இன்று முடிவாகிவிட்ட நிலையில், கண்காணிப்புப் பிரிவுக்குத் தனி நிர்வாகமும் வெளியாள்கள் அடங்கிய தனிக் குழுவும் இருப்பதாவது உறுதி செய்யப்பட வேண்டும்.

அடுத்த கேள்வி, பிடி யார் கையில் என்பது. கூட்டுறவின் உயிர்மூச்சு ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நெறி. பத்து பங்கு வைத்திருப்பவருக்கும் பத்தாயிரம் பங்கு வைத்திருப்பவருக்கும் கூட்டத்தில் ஒரே கைதான். ஆனால், குடை அமைப்பு கூட்டுறவுச் சங்கம் அல்ல, நிறுவனம். நிறுவனங்களில் பொதுவாகப் பங்கின் அளவுதான் பேசும். பல்லாயிரம் கோடி ரூபாய் வைப்புத்தொகை கொண்ட மும்பை, புணே நகரத்துப் பெரிய வங்கிகளும், ஒற்றைக் கிளையோடு நிற்கும் சிற்றூர் வங்கியும் ஒரே மேசையில் அமரும்போது யாருடைய குரல் எடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய வங்கிகளுக்குக் குடை அவ்வளவாகத் தேவையும் இல்லை. தேவை அதிகம் உள்ளவருக்கு அதிகாரம் குறைவு என்ற இந்த முரண்பாடு சரிசெய்யப்படாவிட்டால், பெரிய வங்கிகளின் சேவை நிறுவனமாகக் குடை சுருங்கிவிடும். முதல் அடுக்கில் உள்ள சிறு வங்கிகளுக்கும், மகாராஷ்டிரம், குஜராத் தவிர்த்த பிற மாநிலங்களுக்கும் இயக்குநர் குழுவில் உறுதியான இடம் வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட நகரக் கூட்டுறவு வங்கிகள் உள்ள தமிழகமும் அந்த இடத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

உலக அனுபவம் இரு பக்கமும் பாடம் சொல்கிறது. ஜெர்மனியில் 700-க்குச் சற்றுக் குறைவான கூட்டுறவு வங்கிகள் இன்றும் தனித்தனியே இயங்குகின்றன. அவற்றுக்குப் பொதுவான மைய வங்கியும், 1930-களில் தொடங்கிய பரஸ்பரப் பாதுகாப்பு ஏற்பாடும் உள்ளன. ஒரு வங்கி தடுமாறினால் மற்றவை கூடித் தாங்குகின்றன; அதற்கு ஈடாக, தடுமாறுவதற்கு முன்பே தட்டிக்கேட்கும் உரிமையையும் பொது அமைப்புக்கு அளித்திருக்கின்றன. நெதர்லாந்தின் ராபோ வங்கியோ வேறு வழியில் சென்றது. 2016 ஜனவரியில், 106 உள்ளூர் வங்கிகள் மைய அமைப்போடு கரைந்து ஒரே வங்கியாகிவிட்டன. வலிமை கூடியிருக்கலாம்; ஆனால், தனி உரிமம் கொண்ட உள்ளூர் வங்கிகள் அங்கே இப்போது இல்லை. குடை பிடிக்க வந்த கை, நாளடைவில் தோளை இறுக்கிப் பிடித்த கதை அது.

வெளிநாடு போவானேன்? உள்நாட்டிலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. 1973-இல் உருவான குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பு, அமுல் என்ற பெயரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அதன் உரிமையாளர்கள் மாவட்டப் பால் ஒன்றியங்கள். ஒன்றியங்களின் உரிமையாளர்கள் கிராமச் சங்கங்கள். கீழிருந்து மேலே கட்டப்பட்டதால் அது நின்றது. மறுபுறம், 1958-இல் விவசாயிகளின் விளைபொருள் விற்பனைக்காக அமைக்கப்பட்ட நாஃபெட், 2003-க்கும் 2005-க்கும் இடையில் தனியார் நிறுவனங்களோடு கூட்டு வணிகம் என்று இறங்கி, ஏறத்தாழ 4,000 கோடி ரூபாயை விவசாயத்துக்குத் தொடர்பில்லாத இனங்களிலும் இறைத்தது. வராக்கடனில் பல ஆண்டுகள் தத்தளித்தது. உறுப்பினர்கள் தூரத்தில் இருந்தார்கள். தில்லி அலுவலகம் தன்னிச்சையாக முடிவெடுத்தது. தேசிய அமைப்பு என்ற பெயர்ப்பலகை நாணயத்துக்கு உத்தரவாதம் அல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இங்கே அரசியலையும் பேசாமல் இருக்க முடியாது. கூட்டுறவுச் சங்கங்கள் என்பது அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 32-ஆவது இனத்தில் இடம்பெற்றிருக்கிறது. வங்கித் தொழிலோ மத்தியப் பட்டியலில் 45-ஆவது இனம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது கூட்டுறவு வங்கி. 97-ஆவது சாசனத் திருத்தத்தின் மூலம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நாடாளுமன்றம் விதி வகுத்தது செல்லாது என்று 2021 ஜூலை 20-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்களின் ஒப்புதலைப் பெறவில்லை என்பது காரணம். அதே மாதத்தின் தொடக்கத்தில்தான் மத்தியில் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் உருவாக்கப்பட்டிருந்தது. பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் திருத்த மசோதா கூட்டுக்குழுவுக்குச் சென்று, 2023 ஜூலை, ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறியபோது, மாநில உரிமை பறிபோகிறது என்ற குரல் எதிர்க்கட்சி வரிசைகளில் ஒலித்தது. ஏற்றுமதிக்கு ஒன்று, இயற்கை விளைபொருளுக்கு ஒன்று, விதைக்கு ஒன்று எனத் தேசிய அளவிலான கூட்டுறவு அமைப்புகள் அடுத்தடுத்துத் தில்லியில் தோன்றிய சூழலில், இந்தக் குடை அமைப்பையும் அதே வரிசையில் வைத்துச் சந்தேகிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், முழு நியாயமும் அதில் இல்லை. குடை அமைப்பில் சேர்வது கட்டாயம் அல்ல. அதன் மூலதனம் அரசினுடையதும் அல்ல, வங்கிகளுடையது. மாநில உரிமை பேசும் அரசுகளின் கையும் தூய்மையானது அல்ல. கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களைக் கொண்டு நிர்வகித்ததைத் தமிழக வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் நிர்வாகக் குழுக்கள் கலைந்ததும் புதிய செய்தி அல்ல. தில்லியின் பிடியிலிருந்து தப்பினால் போதும், மாநிலத் தலைநகரின் பிடியில் இருக்கலாம் என்பது கூட்டுறவு ஆகாது. இரண்டு பிடியிலிருந்தும் விடுபட்டு உறுப்பினரின் கைக்கு வருவதே கூட்டுறவு.

ஆகவே, மத்திய அரசு செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, தொடக்க விழாவோடு விலகி நிற்பதுதான். குடை அமைப்பின் தலைமைப் பதவிகளை அரசியல் மறுவாழ்வுக்கான இடமாக ஆளுங்கட்சி கருதக் கூடாது. எந்த வங்கிக்கு உதவுவது, எதைக் கைவிடுவது என்ற முடிவு அமைச்சக அறைகளில் எடுக்கப்படக் கூடாது.

விலகி நிற்பது என்பது கண்ணை மூடிக்கொள்வது ஆகாது. குடை அமைப்பு அரசு நிறுவனம் அல்ல என்பதால், அதன் கணக்கு வழக்கமான முறையில் தலைமைத் தணிக்கையாளரின் பார்வைக்கு வராது. அரசின் கணிசமான நிதியுதவி பெறாத கூட்டுறவுச் சங்கங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே கூறிவிட்டது. அந்த அளவுகோலின்படி பார்த்தால், வங்கிகளின் பணத்தில் இயங்கும் நிறுவனத்திடமும் சாமானியர் கேள்வி கேட்பது எளிதல்ல. அப்படியானால், அது தானே முன்வந்து தன்னைத் திறந்து காட்ட வேண்டும். எந்த வங்கிக்கு எவ்வளவு உதவி, என்ன நிபந்தனை, திரும்பி வந்ததா என்ற விவரம் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். நிதித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது இந்தத் துறையை எடுத்துக்கொண்டு விவாதிக்க வேண்டும். மழை பெய்த பிறகு கூடி ஒழுகலைப் பேசும் வழக்கத்தை நாடாளுமன்றமும் மாற்றிக்கொள்வது நல்லது.

இது அவசரமானது என்பதை 2025 பிப்ரவரி காட்டியது. மும்பையின் நியூ இந்தியா கூட்டுறவு வங்கியின் மீது 13-ஆம் தேதி கட்டுப்பாடு வந்தது. 122 கோடி ரூபாய் கையாடப்பட்டதாக வழக்கு. முதல் இரண்டு வாரம் வாடிக்கையாளர் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை. பிறகு 25,000 ரூபாய் வரை அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த வங்கி, பெரிய கூட்டுறவு வங்கியான சாரஸ்வத் வங்கியுடன் இணைக்கப்பட்டது. வைப்புத்தொகையாளரின் பணம் காப்பாற்றப்பட்டது என்ற அளவில் நிம்மதி. குடை அமைப்புக்கு அப்போது ஒரு வயதுகூட நிறைவடையவில்லை. அதைக் குறைசொல்வது முறையாகாது. ஆனால், சிறிய வங்கி விழுந்தால் பெரிய வங்கியோடு சேர்ப்பதே ஒரே தீர்வு என்று தொடர்ந்தால், 1,926-இலிருந்து 1,472 ஆன எண்ணிக்கை இன்னும் கீழேதான் இறங்கும்.

ஐ.நா. சபை 2025-ஐ சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டில் மாநாடுகள் நடந்தன. தேசியக் கூட்டுறவுக் கொள்கையும் வெளியானது. இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஒவ்வொரு நகரத்திலும் ஒரு நகரக் கூட்டுறவு வங்கி என்ற இலக்கும் அறிவிக்கப்பட்டது. புதியவற்றைத் தொடங்குவதற்கு முன், இருப்பவற்றை நிற்கவைப்பது முக்கியம். எத்தனை செயலிகள் வெளியாயின, எத்தனை வங்கிகள் பங்கு வாங்கின என்பதைக் கொண்டு குடை அமைப்பின் வெற்றியை அளக்கக் கூடாது. அடுத்த முறை ஏதோ ஒரு சிற்றூரில் ஒரு வதந்தி கிளம்பி, கூட்டுறவு வங்கியின் வாசலில் காலையிலேயே வரிசை நிற்கும்போது, அந்த வங்கியின் மேலாளர் கதவைத் திறந்து, கேட்டவருக்கெல்லாம் பணத்தை எண்ணிக் கொடுக்க முடிகிறதா என்பதுதான் அளவுகோல். மூன்றாவது நாள் வரிசை தானாகவே கலைந்துபோனால், குடை விரிந்திருக்கிறது என்று பொருள்.